முறைத்தண்ணியும் டக்வொர்த் லூயிஸும்

என் தையல் மெஷின் வாசல் அறை ஜன்னலை ஒட்டி இருக்கிறது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் திண்ணை. 2009இல் கல்யாணமாகித் திருச்சியிலிருந்து மன்னார்குடிக்கு வந்த புதிதில் அந்தத் திண்ணைதான் எனக்குப் பெரிய தலைவலி. காலையில் பேப்பர் வந்ததும் நாலு பேர் கூடிவிடுவார்கள். தோனி முன்னாடியே இறங்கியிருக்கணுமா, சிவாஜி நடிப்பு மிகையா, அந்தப் பாட்டுக்கு மெட்டு யார் போட்டது என்று பத்து மணி வரை ஓடும். வெயில் தாழ்ந்ததும் மறுபடி ஆரம்பம்.

"இவங்களுக்கெல்லாம் வேலையே இல்லியா அத்தை?" என்று மாமியாரிடம் கேட்டேன்.

"அதுவும் ஒரு வேலைதாம்மா. நீ காதைக் குடுத்துக்கிட்டே தையி, கை தானா ஓடும்" என்றார்.

எனக்கு அது புரியப் பல வருஷம் ஆயிற்று. 2011 ஏப்ரல் 2, உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில் தோனி அடித்த கடைசி சிக்ஸருக்குத் தெருவே வாசலுக்கு ஓடி வந்தது. அந்த இருட்டில் எதிர்ச்சாரியில் மாவு அரைத்து விற்கும் அக்கா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் நாங்கள் பேசியது "மாவு அரைக்கிலோ", "சில்லறை இருக்கா" என்ற இரண்டே வாக்கியம். மறுநாள் காலை பாக்கிச் சில்லறை கொடுக்கும்போது, "கம்பீர் 97ல போயிட்டான் பாத்தியா, பாவம்" என்றார். அதிலிருந்துதான் அவர் எனக்கு அக்கா ஆனார்.

சினிமாப் பேச்சுக்கு எங்கள் தெருவில் தலைவர் கோடிவீட்டு சார். தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சினிமாவே காவிரித் தண்ணீரில் முளைத்தது என்பது அவர் கட்சி. பாகவதர் மாயவரத்துக்காரர், 1944இல் வந்த 'ஹரிதாஸ்' சென்னையில் ஒரே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது என்று தொடங்குவார். பாலச்சந்தர் நன்னிலம் பக்கம் நல்லமாங்குடியில் 1930இல் பிறந்தவர் என்று அங்கிருந்து தாவுவார். சிவாஜிக்கு வந்தால் குரல் கம்மிவிடும். 1989இல் திருவையாற்றில் நின்று தோற்றாரே, அந்தத் தோல்வியை சார் இன்றைக்கும் தன் வீட்டு இழவாகவே சொல்வார். "படத்துக்கு வரிசையில நின்னவன் ஓட்டுக்கு நிக்கலியே" என்பார். எதிர்வீட்டு அண்ணன் எம்.ஜி.ஆர். கட்சி. அவர் சும்மா விடுவாரா?

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து கேட்டுக் கேட்டு நான் ஒன்று கற்றுக்கொண்டேன். வயதானவரிடம் போய் "உங்களுக்குப் பிடிச்ச நடிகர் யாரு?" என்று கேட்டால் ஒரு பெயரோடு பேச்சு முடிந்துவிடும். "அந்தப் படத்தை எந்தக் கொட்டகையில பாத்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கீற்றுக் கொட்டகை, தரை டிக்கெட்டுக்கு மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தது, ரீல் மாற்றுகிற நேரத்தில் முறுக்கு வாங்க ஓடியது, திரும்பி வரும்போது ஆற்றுப்பாலத்தில் பேய்க்குப் பயந்து கூட்டமாக நடந்தது, உடன் வந்த அண்ணன் இப்போது இல்லை என்பது, எல்லாம் வரும். படத்தைப் பற்றிக் கேட்டதாகத்தான் தோன்றும். வருவது அவர்களுடைய வாழ்க்கை. பக்கத்து வீட்டு அப்பாயி யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவர். அவரிடம் நான் பேச ஆரம்பித்தது இந்த ஒரு கேள்வியில்தான்.

பெண்கள் திண்ணையில் உட்கார மாட்டார்கள். எங்கள் சினிமாப் பேச்சு என் மெஷின் பக்கத்தில் நடக்கும். அளவு ஜாக்கெட்டோடு போனில் ஒரு படத்தையும் காட்டி "இந்தக் கழுத்து வேணும்" என்பார்கள். 2018 அக்டோபர் 4ஆம் தேதி வந்த '96' படத்தில் த்ரிஷா போட்டிருந்த மஞ்சள் குர்தா அந்தத் தீபாவளிக்கு என்னைத் தூங்கவிடவில்லை. கதையில் வரும் பள்ளிக்கூடம் தஞ்சாவூர் என்பதால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது சொந்தப் படம். ஒன்பது குர்தா தைத்தேன். பத்தாவதுக்குத் துணி வெட்டி வைத்திருந்தபோதுதான் கஜா புயல் வந்தது.

நவம்பர் 15 ராத்திரி. நள்ளிரவுக்கு மேல் காற்று ஓலமிடத் தொடங்கி, விடிவதற்குள் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. எங்கள் வீட்டுப் பின்கட்டு ஓடு முழுக்கப் போயிற்று. காலையில் கதவைத் திறந்தால் தெருவே அடையாளம் தெரியவில்லை. முனை வேப்பமரம் வேரோடு சாய்ந்து, மின்கம்பம் மூன்று அதன்மேல் கிடந்தது. கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை, மோட்டார் ஓடாததால் தண்ணீர் இல்லை.

அந்த வாரத்தில் எங்களுக்குக் கைகொடுத்தவற்றை எழுதி வைக்கிறேன். டெல்டாவில் இருப்பவர்களுக்கு இது மறுபடியும் வேண்டியிருக்கும்.

ஜெனரேட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டார்கள். தனித்தனியாகக் கூப்பிட்டால் ஒரு வீட்டுத் தொட்டி நிரம்ப ஒரு மணி வாடகை கொடுக்க வேண்டும். ஒன்பது வீடு சேர்ந்து கூப்பிட்டோம். போர்வெல் ஆழமாக உள்ள இரண்டு வீட்டு மோட்டாரை மட்டும் ஓட்டி, அங்கிருந்து ஹோஸ் போட்டு மற்ற தொட்டிகளை நிரப்பினோம். அந்த நேரத்திலேயே எல்லார் போனும் ஒரே பெட்டியில் சார்ஜ் ஏறும். யார் வீட்டுக்கு எத்தனை நிமிஷம், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று என் அளவு நோட்டில் எழுதினேன். எழுதி வைத்ததால் ஒரு சண்டைகூட வரவில்லை.

அப்பாயிக்கு இன்சுலின். பிரிட்ஜ் செத்துப்போன பயத்தில் அவர் மகன் மூன்று குப்பியையும் தூக்கிப் போடப் பார்த்தார். திறந்த குப்பி வெயில் படாமல் இருந்தால் சுமார் ஒரு மாதம் வெளியில் தாங்கும், திறக்காததற்குத்தான் குளிர்ச்சி வேண்டும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். திறக்காத இரண்டையும் பாலிதீன் பையில் கட்டிச் சின்ன மண்சட்டிக்குள் வைத்து, அதைப் பெரிய சட்டியில் ஈர மணல் போட்டு இறக்கி, மேலே நனைத்த துணி மூடினோம். துணி காயாமல் பார்த்துக்கொள்வது மாவு அக்கா பொறுப்பு. என்னுடையது கால் மெஷின், கரண்ட் தேவையில்லை. ஓடு போன வீடுகளுக்குத் தார்ப்பாய் ஒட்டுப்போட்டு ஓரம் அடித்துக் கொடுத்தேன்; ஊசி பதினாறாம் நம்பருக்குக் கீழே போட்டால் முறிந்துவிடுகிறது. சாரிடம் பழைய டிரான்சிஸ்டர் இருந்தது, பேட்டரியும் இருந்தது. காலையும் மாலையும் செய்தி நேரத்தில் மட்டும் திறப்போம்.

இதற்கெல்லாம் யாரும் கூட்டம் போட்டுத் திட்டம் தீட்டவில்லை. யார் வீட்டில் ஊசிமருந்து போடுகிற கிழவி இருக்கிறாள், யார் வீட்டுப் போர் எத்தனை அடி, யாரிடம் டிரான்சிஸ்டர் இருக்கிறது என்பதெல்லாம் எங்களுக்கு முன்பே தெரியும். ஒன்பது வருஷமாக மேட்ச் இடைவேளையில் காதில் விழுந்த சமாச்சாரங்கள் அவை.

எதிர்வீட்டு அண்ணனைத்தான் யாராலும் நெருங்க முடியவில்லை. முத்துப்பேட்டை ரோட்டில் அவருக்குத் தென்னந்தோப்பு. அப்பா காலத்து மரங்கள், நட்டு முப்பது வருஷமானவை. பதினாறாம் தேதி மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் வாசல் படியில் உட்கார்ந்தார். அதன்பின் வாய் திறக்கவில்லை. சாப்பாட்டைத் தட்டில் வைத்தபடியே எழுந்துவிடுவார். துக்கம் விசாரிக்க வருகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை மரம் போச்சு?" அவர் கையை மட்டும் விரிப்பார். தோப்பைப் பறிகொடுத்த துக்கத்தில் உயிரை விட்டவர்கள் பற்றிய செய்தி ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த நேரம். அண்ணி ராத்திரி முழுக்கத் தூங்காமல் அவர் காலடியிலேயே கிடந்தார்.

நவம்பர் 21, புதன்கிழமை. மாடிவீட்டுத் தம்பி மெழுகுவத்தியும் கொசுவத்தியும் வாங்கத் தஞ்சாவூர் போயிருந்தான். இருட்டுகிற நேரத்தில் மழையில் நனைந்து வந்து இறங்கினான். பையைக் கீழே வைக்கு முன்பே கத்தினான்: "ஆஸ்திரேலியாகிட்ட தோத்துட்டோம். அவங்களவிட கூட ரன் அடிச்சும் தோத்துட்டோம்!"

பிரிஸ்பேனில் முதல் டி20, அணிக்கு இருபது ஓவர் ஆட்டம். ஆஸ்திரேலியா மட்டை பிடித்துக்கொண்டிருந்தபோது மழை வந்து, ஆட்டத்தை 17 ஓவராகக் குறைத்தார்கள். அவர்கள் எடுத்தது 158. நமக்கும் 17 ஓவர்தான், ஆனால் மழைக்கணக்குப்படி வைத்த இலக்கு 174. நாம் 169 எடுத்தோம். நாலு ரன்னில் தோல்வி. கடைசி ஓவரில் 13 தேவை. தினேஷ் கார்த்திக் 13 பந்தில் 30 அடித்திருந்தவர், அந்த ஓவரில்தான் அவுட்.

ஐந்து நாள் கழித்துத் திண்ணை நிறைந்தது. ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு. 158 எடுத்தவன் எப்படி ஜெயிப்பான், 169 எடுத்தவன் எப்படித் தோற்பான் என்று சாருக்கு ஆத்திரம். "டக்வொர்த் லூயிஸ் சார், கம்ப்யூட்டர் கணக்கு" என்றான் தம்பி. "எந்தக் கம்ப்யூட்டரா இருந்தாலும் நூத்தியம்பத்தெட்டு நூத்தியம்பத்தெட்டுதானடா? நான் முப்பத்திநாலு வருஷம் கணக்கு சொல்லிக்குடுத்தவன்" என்று சார் குரலை உயர்த்தினார். விக்கெட், மிச்ச ஓவர், சதவீதம் என்று தம்பி ஏதேதோ சொல்லிப் பார்த்தான். யாருக்கும் ஏறவில்லை.

எதிர்ப்படியிலிருந்து குரல் வந்தது.

"முறைத்தண்ணி கணக்கு சார் அது."

அண்ணன்தான். எழுந்து தெருவைத் தாண்டி வந்து திண்ணை ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நீடாமங்கலம் மூணாறு தலைப்புல நம்ம ஆத்துக்கு இருவது நாள் முறைன்னு சொல்றான்னு வெச்சுக்கங்க. நீங்க என்னா பண்ணுவீங்க? மொதல்ல கடைமடைக்குப் போவட்டும்னு மடையக் கொஞ்சம் அடக்கி வெப்பீங்க. கடைசி அஞ்சாறு நாள்ல முழுசா தொறந்து பாய்ச்சிக்கலாம்னு இருப்பீங்க. பதினேழாம் நாளு ஷட்டர எறக்கிட்டான். அடுத்த முறை வேற ஒருத்தனுக்கு. அவனுக்குப் பதினேழு நாளுதான்னு மொத நாளே தெரியும். அவன் ஆரம்பத்துலேந்தே முழு மடையும் தொறந்து பாய்ச்சுறான். இப்ப ரெண்டு வயலையும் ஒரே கோலால அளந்தா நாயமா? ஒங்க வயலுக்கு ரெண்டு விரக்கட கூடப் போட்டுத்தான் அளக்கணும். அந்த ரெண்டு விரக்கடதான் சார் பதினஞ்சு ரன்னு."

யாரும் பேசவில்லை. அப்பாயி உள்ளேயிருந்து, "அப்ப ஆஸ்திரேலியாக்காரன் கடைமடைக்காரனாடா?" என்றார். அண்ணன் சிரித்தார். நான் மெஷினை நிறுத்திவிட்டு அழுதுகொண்டிருந்தேன்.

பேச்சு அதோடு விடவில்லை. விக்கெட் கையில் இருந்தால் ஏன் இலக்கு கூடுகிறது என்று சார் கேட்டார். ஆள் இருந்தால்தானே திறந்த மடையைக் கட்டியாள முடியும் என்று அண்ணன் சொன்னார். ஒன்பது மணிக்கு அண்ணி தட்டில் சாதம் போட்டுத் திண்ணைக்கே கொண்டு வந்து வைத்தார். சாப்பிட்டார். எழுந்து போகும்போது தம்பியிடம், "நாளைக்குத் தோப்புக்கு வர்றியாடா, விழுந்தத எண்ணணும்" என்றார்.

அந்த எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் என்று பிறகுதான் தெரிந்தது. அரசு நிவாரணம் மரத்துக்கு 1,100 ரூபாய், ஒரு ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு வைத்தார்கள். தோப்பைச் சுத்தம் செய்கிற அவசரத்தில் எண்ணாமல் அறுத்து அப்புறப்படுத்தியவர்கள் பிறகு மிகவும் சிரமப்பட்டார்கள். தம்பி ஒவ்வொரு தூருக்கும் சுண்ணாம்பில் எண் போட்டு, அண்ணனைப் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தான். சிட்டா, அடங்கல், ஆதார், பேங்க் புஸ்தகம் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். விழுந்த மரம் எதுவானாலும் முதலில் எண், பிறகு போட்டோ, அதற்குப் பிறகுதான் ரம்பம்.

துக்க வீட்டுக்குப் போனால் நான் இப்போதெல்லாம் போனது எவ்வளவு என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லிச் சொல்லியே ஓய்ந்திருப்பார்கள். அவருக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்றை, அவர் வந்து சொன்னால்தான் விளங்கும் என்கிற மாதிரி, பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். சிலர் வரமாட்டார்கள். அன்றைக்கு வராவிட்டால் நாளைக்கும் போய்ப் பேசுவேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சாய்ந்த வேப்பமரத்தை அறுக்க ஊருக்கு வெளியே காலனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முன்பெல்லாம் அவர்கள் தெருவில் நின்றே காபி வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். திண்ணை எல்லாருக்கும் பொது என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டது பொய் என்பது எனக்கு அந்த வாரம்தான் உறைத்தது. மழை வந்ததும் அப்பாயிதான் கூப்பிட்டார்: "ஏன் நனையிறீங்க, மேல ஏறி உக்காருங்க." ஏறினார்கள். அதில் ஒருவர் வடுவூர்ப் பக்கம் மின்னொளி கபடிகளில் பாடிப் போனவர். கிரிக்கெட்டையே பேசிக்கொண்டிருந்த தெருவுக்கு முப்பது வினாடி ரெய்டு, போனஸ் கோடு, மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ மிச்சமிருக்கும்போது பிடித்தால் இரண்டு புள்ளி என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அவர். "இதெல்லாம் சடுகுடுல ஏதுப்பா?" என்று சார் கேட்க, அன்று கிரிக்கெட் பேச்சே எழவில்லை. நவம்பர் 23 கார்த்திகை தீபம். கரண்ட் இல்லாத தெருவில் ஒவ்வொரு படியிலும் அகல் வைத்தோம். அவர் தன் இரண்டு பிள்ளைகளோடு வந்து என் மாமியாருக்கு எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். பதினோராம் நாள் கரண்ட் வந்தது.

திண்ணைப் பேச்சால் கெட்டதும் நடக்கும். ஒருமுறை இரண்டு நடிகர்களின் ரசிகர் சண்டை முற்றி, ஒரு பையன் இன்னொருவன் அம்மாவை இழுத்துப் பேசி, இரண்டு வீடு எட்டு மாதம் முகம் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு சார் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். தன் ஆளைப் புகழ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எதிராளியின் ஆளைத் தாழ்த்திப் பேச வேண்டுமானால், முதலில் அவருடைய நல்ல படம் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் பாதி ஆத்திரம் ஆறிவிடும்.

சத்தமும் ஒரு பிரச்சினை. 2023 ஐபிஎல் இறுதி ஆட்டம் மே 28 மழையில் போய், 29ஆம் தேதி தொடங்கி, மறுபடி மழை, முடியும்போது இரவு மணி ஒன்றரை. டிவியைத் திண்ணைக்குக் கொண்டுவந்திருந்தோம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாமல் ஸ்டூல்மேல் வைத்துக் கட்டினோம், தூறல் இருந்ததால். மூன்றாம் வீட்டில் பிறந்து பன்னிரண்டு நாள் ஆன குழந்தை. பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். எங்களுக்கு அந்தக் குழந்தைதான் சட்டம். பத்துக்கு டிவி சத்தத்தை முழுக்க அணைத்தோம். போனில் பார்ப்பவர்களுக்குப் பந்து சில வினாடி தாமதமாக வரும். டிவி பார்ப்பவர் முகம் மாறினாலே அவர்களுக்கு ஆட்டம் கெட்டுவிடும். அதனால் போனை எல்லாரும் சட்டைப்பையில் போட வேண்டும் என்று முடிவு.

அன்று குஜராத்துக்காக 47 பந்தில் 96 அடித்தது நம் சாய் சுதர்சன். சென்னைக்கு எதிராக ஒரு சென்னைப் பையன். கை தட்டலாமா கூடாதா என்று தம்பிகளுக்குள் குசுகுசுவென்று வாக்குவாதம். அண்ணன் முதலில் தட்டினார், சத்தம் வராமல், தொடையில். பிறகு எல்லாரும் தட்டினார்கள். கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். ஜடேஜா சிக்ஸர், அடுத்தது ஃபோர். நாற்பது பேர் வாயைப் பொத்திக்கொண்டு குதித்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். குழந்தை எழுந்திருக்கவில்லை.

அண்ணன் தோப்பில் புதுக்கன்று வைத்திருக்கிறார், நெட்டையும் குட்டையும் கலந்து. சாருக்கு இப்போது காது மந்தம், சினிமாப் பேச்சுக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கச் சொல்ல ஒருவர் வேண்டும், பெரும்பாலும் நான். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் ஒரு வடுவூர்ப் பையன் இருந்தான் என்று செய்தி வந்த நாளிலிருந்து திண்ணையில் கபடிதான். மரம் அறுக்க வந்தவர் வரும் பொங்கலுக்கு மின்னொளி ஆட்டம் பார்க்க வேன் பேசியிருக்கிறார். இந்தத் தடவை பெண்களும் போகிறோம், அப்பாயி உட்பட. அவருக்கு ஊசிமருந்து வைக்க ஈரத்துணிப் பை ஒன்று தைத்துக்கொண்டிருக்கிறேன். வேனில் இன்னும் இரண்டு இடம் இருக்கிறது.